பழைய சின்ன லென்ஸ், புது மிரர்லெஸ் கேமரா: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

பழைய லென்ஸ் ஒன்றை ஆசையாக வாங்கி, அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டுகிறோம். ஏதோ சரியாக வரவில்லை. உடனே லென்ஸ் மேல்தான் சந்தேகம் போகிறது, பல பேர் அதை அப்படியே விற்றும்விடுகிறார்கள். நான் கையாண்ட லென்ஸ்களில் கண்ணாடி உண்மையிலேயே கெட்டிருந்தவை கொஞ்சம்தான். அடாப்டர், கேமராவின் மெனு, அல்லது வாங்கும்போது பார்க்காமல் விட்ட ஓர் அளவு, இவைதான் பெரும்பாலும் காரணம். அதனால் அறிகுறியை வைத்துப் போவோம். உங்களுக்கு நடப்பது எதுவோ அந்த இடத்திலிருந்து படிக்கலாம். இன்னும் எதுவும் வாங்கவில்லை என்றால் முதல் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

சின்ன லென்ஸ்தான் வாங்கினேன், மாட்டினால் நீளமாக இருக்கிறது

ஒவ்வொரு மவுண்டிலும் (லென்ஸை மாட்டும் வாய்), லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் ஃபிலிம் அல்லது சென்சாருக்கும் இடையே ஒரு மாறாத தூரம் உண்டு. சோனி இ மவுண்டில் அது 18 மி.மீ., ஃபியூஜி எக்ஸில் 17.7, நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில், காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் கண்ணாடி ஒன்று நடுவே மேலும் கீழும் ஆட இடம் வேண்டும், அதனால் தூரம் அதிகம். ஒலிம்பஸ் ஓஎம் 46, எம்42 திருகு மவுண்டும் பென்டாக்ஸ் கே மவுண்டும் 45.46, மினோல்டா 43.5, கேனான் எஃப்டி 42, கோனிகா ஏஆர் 40.5. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் தனி ஜன்னல் வழியே பார்க்கிறோம், அந்த ஆடும் கண்ணாடி கிடையாது. லைக்கா எம் மவுண்டில் 27.8, பழைய லைக்கா திருகு மவுண்டில் 28.8தான்.

அடாப்டர் என்பது இந்த இரண்டு தூரங்களின் வித்தியாசத்தை நிரப்பும் வெற்றுக் குழாய். ஓஎம் லென்ஸைச் சோனியில் மாட்ட 28 மி.மீ. குழாய் வேண்டும். லைக்கா எம் லென்ஸுக்கு 9.8 மி.மீ. போதும். ஆக, லென்ஸின் நீளத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, குழாயையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பென்டாக்ஸ்-எம் 40 மி.மீ. எஃப்2.8 அடை போலத் தட்டையான லென்ஸ், நீளம் 18 மி.மீ., எடை 110 கிராம். சோனியில் மாட்டினால் குழாயோடு 45 மி.மீ.யைத் தாண்டிவிடும். லைக்கா எம் மவுண்டில் வரும் எம்-ரொக்கோர் 40 மி.மீ. எஃப்2 தனியாக வைத்துப் பார்த்தால் பென்டாக்ஸைவிடக் கொஞ்சம் நீளம். ஆனால் அடாப்டரோடு சேர்த்து 35 மி.மீ. அளவில் நின்றுவிடும், அதோடு ஒரு ஸ்டாப் அதிக வெளிச்சமும், அதாவது இரண்டு மடங்கு, தரும். விலை கூடுதல்தான். ஓஎம் ஜூய்கோ 50 மி.மீ. எஃப்1.8 தனியாக 31 மி.மீ., மாட்டினால் 59. நீளமாகத் தெரிந்தாலும் குழாய் உள்ளே காலிதானே, எடை ஏறாது. அந்த லென்ஸ் எனக்கு மிகவும் பிடித்தது, விலையும் கைக்கு அடக்கம். சட்டைப் பைக்குள் போகும் கேமராவைக் கற்பனை செய்துகொண்டு வாங்குபவருக்குத்தான் ஏமாற்றம்.

ஃபியூஜி எக்ஸ் மாதிரி ஏபிஎஸ்-சி கேமரா (35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தைவிடச் சின்ன சென்சார்) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒலிம்பஸ் 1963-இல் கொண்டுவந்த பென் எஃப் என்ற அரைச்சட்டக (சாதாரண ஃபிலிம் சட்டகத்தில் பாதி) எஸ்எல்ஆருக்கான லென்ஸ்கள். ஓஎம்-1ஐ உருவாக்கிய அதே யோஷிஹிசா மைட்டானியின் கேமராதான் அது. அரைச்சட்டகம் 18-க்கு 24 மி.மீ., ஏபிஎஸ்-சி சென்சார் அதைவிடக் கொஞ்சம் சின்னது, ஆகவே மூலை இருளாமல் நிரம்பும். மவுண்ட் தூரம் 28.95 மி.மீ.தான், ஃபியூஜிக்கு 11 மி.மீ. சொச்சம் குழாய் போதும். 38 மி.மீ. எஃப்1.8 லென்ஸை முதலில் தேடுங்கள். அதன் அபெர்ச்சர் வளையத்தில் (உள்ளே இதழ்களை மூடித் திறந்து ஒளியைக் கூட்டிக் குறைப்பது) எஃப் எண்ணுக்குப் பதிலாக 0, 1, 2 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது அந்தக் காலத்து ஒளிமானிக்கான எண். வளையத்தை முன்பக்கம் லேசாக இழுத்து அரைச் சுற்று திருப்பினால் எஃப் எண்கள் மேலே வந்துவிடும்.

ஷட்டர் அடிக்கவே இல்லை

பழைய லென்ஸில் மின் இணைப்பு இல்லை. கேமரா லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. சோனியில் ‘ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்’, ஃபியூஜியில் ‘ஷூட் வித்அவுட் லென்ஸ்’ என்று மெனுவில் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். கேனான், பானசோனிக் கேமராக்களிலும் இதே போன்ற ஒரு வரி உண்டு. அப்புறம் ஏ மோடிலோ (அபெர்ச்சர் மட்டும் நம் கையில்) எம் மோடிலோ (எல்லாம் நம் கையில்) வையுங்கள். அவ்வளவுதான்.

எதுவுமே ஃபோகஸ் ஆகவில்லை

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல லென்ஸ்கள் குப்பைக்குப் போவது இந்த இடத்தில்தான்.

சில வருடம் முன்னால் ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் இண்டஸ்டார்-50 வாங்கினேன். 50 மி.மீ. எஃப்3.5, சோவியத் காலத்துச் சின்ன லென்ஸ். விளம்பரத்தில் எம்39 திருகு என்று மட்டும் போட்டிருந்தது. என்னிடம் லைக்கா திருகு அடாப்டர் இருந்தது, அதுவும் 39 மி.மீ. திருகுதான். வெண்ணெய் போலத் திருகி உட்கார்ந்தது. வியூஃபைண்டரில் பார்த்தால் சாம்பல் நிற மூட்டம். வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றியும் மூட்டம் மூட்டமாகவே இருந்தது. யாரோ கழற்றிக் கண்ணாடியைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன்.

பிறகு அடாப்டரைக் கழற்றிவிட்டு, லென்ஸை மட்டும் கையில் பிடித்துக் கேமரா வாய்க்கு முன்னால் மெதுவாக முன்னே நகர்த்திப் பார்த்தேன். ஓர் இடத்தில் எதிர்வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெளிந்தது, தொட்டியில் இருந்த எழுத்துகூடத் தெரிந்தது. அந்த இடத்தில் கையை அசைக்காமல் வைத்து, கேமரா முகத்துக்கும் லென்ஸின் பின்முகத்துக்கும் இடையே ஸ்கேலை வைத்தேன். ஏறக்குறைய 27 மி.மீ. கேமராவின் 18-ஐக் கூட்டினால் 45. விஷயம் விளங்கிவிட்டது.

39 மி.மீ. திருகில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஃபெட், ஜோர்க்கி போன்ற ரேஞ்ச்ஃபைண்டர்களுக்கானது லைக்கா தூரமான 28.8. பழைய ஜெனிட் எஸ்எல்ஆருக்கானது 45.2. திருகு ஒத்துப்போகும், தூரம் ஒத்துப்போகாது. எனக்கு வந்தது ஜெனிட் லென்ஸ். ஒரு மலிவான எம்42 அடாப்டரும், 39-ஐ 42 ஆக்கும் மெல்லிய வளையமும் வாங்கிப் போட்டதும் அது பிரமாதமாக வேலை செய்தது.

படத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம். மிகத் தட்டையாக, பொத்தான் மாதிரி இருந்தால் ஜெனிட். கொஞ்சம் உயரமாக, பின்பக்கம் திருகுக்குள்ளே இன்னொரு உலோக வளையம் ஃபோகஸ் சுற்றும்போது உள்ளே வெளியே நகர்ந்தால் ரேஞ்ச்ஃபைண்டர். விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் வரும். ஒரு சாண் தூரத்துப் பூ மட்டும் தெளிகிறது, அதற்கு அப்பால் எதுவும் தெளியவில்லை என்றால், ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை எஸ்எல்ஆர் அடாப்டரில் போட்டிருக்கிறீர்கள். லென்ஸ் 16 மி.மீ. அதிகமாக வெளியே தள்ளி நிற்கிறது.

லென்ஸில் ஃபோகஸ் வளையமே இல்லையா? ஜூப்பிட்டர்-8 வாங்குகிறவர்களுக்கு இது நடக்கிறது. அதில் கீவ் கேமராவுக்கென்று செய்த வகை ஒன்று உண்டு. கீவில் ஃபோகஸ் திருகு கேமரா உடலில் இருக்கும், லென்ஸில் இருக்காது. அதற்கு ஃபோகஸ் திருகோடு வரும் தனி அடாப்டர் வேண்டும், லென்ஸைவிட அதற்கு அதிகச் செலவாகலாம். ஜூப்பிட்டர்-8 வேண்டுமென்றால் திருகு மவுண்டு வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கிட்டே தெளிவு, தூரத்து மலை மட்டும் மங்கல்

அடாப்டர் தேவைக்கு மேல் தடிமனாக இருக்கிறது. எவ்வளவு தடிமன் என்றால் சிரிப்பு வரும் அளவுக்குக் கொஞ்சம். 50 மி.மீ. லென்ஸில் அடாப்டர் 0.1 மி.மீ. கூடிப்போனால், அதாவது ஒரு சாதாரணத் தாளின் தடிமன் கூடினால், தெளிவு 25 மீட்டரோடு நின்றுவிடும். அதே தவறு 28 மி.மீ. லென்ஸில் 8 மீட்டருக்குள் நிறுத்திவிடும். அகல லென்ஸில் அடாப்டர் தரம் அதிகம் முக்கியமாவது இதனால்தான்.

சோதிப்பது எளிது. நிலாவையோ தூரத்துச் செல்போன் கோபுரத்தையோ அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். வளையம் கடைசியில் முட்டியும் தெளியவில்லை என்றால் அடாப்டர் தடிமன். முட்டுவதற்கு முன்பே தெளிந்து, தாண்டினால் மறுபடி மங்கினால் அடாப்டர் மெல்லிசு. மெல்லிசாக இருப்பது குறை இல்லை. எல்லா லென்ஸும் இன்ஃபினிட்டியை, அதாவது கடைசித் தூரத்தை, எட்ட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். வளையத்தில் உள்ள தூர எண்கள் பொய்யாகும், அவ்வளவுதான். அது உறுத்தினால் அடாப்டரின் இரண்டு பாகங்களைச் சேர்க்கும் திருகுகளைக் கழற்றி, நடுவில் காப்டன் என்ற மெல்லிய டேப்பை வளையமாக வெட்டி ஒட்டலாம். தடிமனான அடாப்டரை வீட்டில் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தால் படத்தின் இடது ஓரம் தெளிந்து வலது ஓரம் மங்கும், அதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. மாற்றிவிடுங்கள்.

என் ஜெனிட் இண்டஸ்டாருக்கு இதிலும் ஒரு நல்லது நடந்தது. ஜெனிட் 45.2, எம்42 45.46. அந்த 0.26 வித்தியாசத்தில் 10 மீட்டருக்கு மேல் தெளிந்திருக்கக் கூடாது. மலிவு அடாப்டர் மெல்லிசாக இருந்ததால் தப்பித்தது.

அபெர்ச்சர் வளையம் சுற்றுகிறது, உள்ளே இதழ்கள் அசையவில்லை

கேனான் எஃப்டி என்றால் அடாப்டரில் ‘ஓப்பன்’, ‘லாக்’ என்று ஒரு வளையம் இருக்கும். ஓப்பனில் வைத்து லென்ஸை மாட்டி, பிறகு லாக்குக்குத் திருப்ப வேண்டும். அப்போதுதான் லென்ஸின் பின்னால் உள்ள நெம்புகோலை அது தள்ளும். மாட்டும் முன் அபெர்ச்சர் வளையம் ஏ என்ற பச்சை எழுத்தில் பூட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

எம்42 ஆட்டோ லென்ஸ்களில் பின்னால் ஒரு சின்ன ஊசி உண்டு. அதை அழுத்தினால்தான் இதழ் மூடும். உள்ளே ஒரு விளிம்பு வைத்த அடாப்டர் அதை அழுத்திக்கொண்டே இருக்கும், விளிம்பு இல்லாதது அழுத்தாது. டக்குமார் போன்ற பல லென்ஸ்களில் ஏ/எம் சுவிட்ச் இருக்கிறது, எம்மில் தள்ளிவிட்டால் ஊசியைப் பற்றிக் கவலையே இல்லை.

இதழ் அசைகிறது ஆனால் சோம்பேறித்தனமாக என்றால், இதழில் எண்ணெய் ஏறியிருக்கும், வெளிச்சத்தில் பளபளக்கும். ஹீலியோஸ் 44-2 மாதிரி வளையமே இதழை நேரடியாக நகர்த்தும் லென்ஸில் இது பெரிய குறை இல்லை, விலை குறைத்துக் கேட்க ஒரு காரணம். ஸ்பிரிங் இழுக்கும் லென்ஸில் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

நடுவில் கூர்மை, ஓரங்கள் குழைந்து போகின்றன

ஃபுல்ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவே உள்ள சென்சார்) அகல ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் போட்டவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. புல்வெளியை எடுத்தால் மூலையில் புல் இழுத்துத் தேய்த்தாற்போல் இருக்கும், சில சமயம் ஓரத்தில் ஊதா சாயலும் வரும்.

அந்த லென்ஸ்களின் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகே உட்காரும். ஆகவே ஓரத்துக்கு வரும் ஒளிக்கதிர் ரொம்பச் சாய்வாக வந்து விழும். ஃபிலிமுக்கு அதனால் பெரிய பாதகம் இல்லை. சென்சார் முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. லைக்காவின் எம் கேமராக்களில் அது 1 மி.மீ.க்கும் குறைவு, சோனியில் ஏறக்குறைய 2. சாய்ந்த கதிர் அந்தத் தடிமனான தகட்டுக்குள் போய் இடம் மாறிவிடுகிறது. லென்ஸைச் சுத்தம் செய்தோ அடாப்டரை மாற்றியோ இதைத் தீர்க்க முடியாது. எஃப்8, எஃப்11 வரை மூடினால் ஓரளவு குறையும்.

எஸ்எல்ஆர் அகல லென்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ஆடும் கண்ணாடிக்கு இடம் விட வேண்டியிருந்ததால் பின்கண்ணாடியைத் தள்ளி வைத்தே வடிவமைத்தார்கள், கதிர் நேராக வந்து விழுகிறது. அதனால் ஃபுல்ஃபிரேமுக்கு என் கணக்கு இதுதான்: 40 மி.மீ.யும் அதற்கு மேலும் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ், 35-உம் அதற்குக் கீழும் எஸ்எல்ஆர் லென்ஸ். 28 வேண்டுமென்றால் ஓஎம் ஜூய்கோ 28 மி.மீ. எஃப்3.5, இல்லையென்றால் பென்டாக்ஸ்-எம் 28 மி.மீ. எஃப்2.8. குழாய் நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், மூலை தெளிவாக வரும். ஏபிஎஸ்-சி சென்சார் நடுப்பகுதியை மட்டும் எடுப்பதால் அங்கே குழைவு குறைவு. ஆனால் அதில் 28 மி.மீ. கிட்டத்தட்ட 42 மி.மீ. பார்வையாகிவிடும், அகலம் போய்விடும்.

ஜூப்பிட்டர்-12 பற்றித் தனியாக ஒரு சொல். 35 மி.மீ. எஃப்2.8, பின்கண்ணாடி குண்டாகப் புடைத்து உடலுக்குள் ஆழமாகப் போகும். சில கேமராக்களில் உள்ளே இடிக்கும். மாட்டும் முன் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்து பாருங்கள்.

படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல்

அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒரு பக்கம் செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரிக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்க மூச்சுவிட்ட ஆவி போலப் படர்ந்திருந்தால் மூட்டம். சாதாரணமாக உள்ளே இருக்கும் தூசி படத்தில் தெரியாது, அதற்காக ஒரு லென்ஸை ஒதுக்க வேண்டாம். ஓரத்தில் இரண்டு கிளைப் பூஞ்சையும் சாதாரண வெளிச்சத்தில் தெரியாது, எதிர்வெயிலில்தான் காட்டிக்கொடுக்கும். ஆனால் மூட்டம் எப்போதும் படத்தைக் கெடுக்கும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். பூஞ்சை வெகுநாள் இருந்தால் கண்ணாடி மேல் உள்ள பூச்சை அரித்திருக்கும், துடைத்தாலும் தடம் நிற்கும். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் லென்ஸைத் தோல் உறைக்குள் போட்டு வைக்கவே கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

டார்ச்சில் கண்ணாடி சுத்தமாக இருந்தும் படம் வெளுத்தால், அடாப்டரின் உள்சுவரைப் பாருங்கள். கறுப்புச் சாயம் பூசியிருந்தும் பளபளக்கும். சின்ன சென்சாரில் இது அதிகம், ஏனென்றால் லென்ஸ் அனுப்பும் ஒளியில் பாதிக்கு மேல் சென்சாரில் விழாமல் சுவரில் விழுகிறது. வெல்வெட் போன்ற கறுப்பு ஒட்டுத்தாளை உள்ளே ஒட்டுங்கள், லென்ஸுக்கு ஹுட் போடுங்கள். இரண்டுக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆகும், வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எல்லாம் மஞ்சளாக வருகிறது

ஏழு கண்ணாடி கொண்ட சூப்பர்-டக்குமார் 50 மி.மீ. எஃப்1.4 போன்ற சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது வருடக்கணக்கில் தன் கதிர்வீச்சாலேயே மஞ்சளாகிறது. வெள்ளைத் தாளில் வைத்து மேலிருந்து பார்த்தால் டீ ஊற்றியதுபோல் இருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் தெளிந்துவிடும், வெயிலும் உதவும், ஆனால் சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க இந்த லென்ஸைப் பயன்படுத்தலாம். கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது.

கிட்டே போக முடியவில்லை

ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் 0.7 மீட்டரிலோ 1 மீட்டரிலோ நின்றுவிடும். டீக் கிளாஸை, குழந்தையின் விரலை எடுக்க முடியாது. லைக்கா எம் அடாப்டரிலேயே ஃபோகஸ் திருகு வைத்த வகை கிடைக்கிறது, அடாப்டரே சில மி.மீ. நீளும். வாங்கும்போதே அதை வாங்கிவிடுங்கள். லைக்கா திருகு மவுண்ட் லென்ஸ்களையும் 1 மி.மீ. வளையம் போட்டு அதிலேயே மாட்டலாம், ஒரே அடாப்டரில் இரண்டு லைக்கா மவுண்டும் முடிந்தது.

எல்லாம் சரி, ஆனாலும் பாதிப் படம் ஆடியிருக்கிறது

கேமராவுக்குள் சென்சார் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால், அதற்கு லென்ஸின் மி.மீ.யை நாம்தான் சொல்ல வேண்டும். முந்தின நாள் 135 மி.மீ.க்கு வைத்ததை மாற்றாமல் 40 மி.மீ. லென்ஸில் எடுத்தால், கேமரா தேவைக்கு மேல் சென்சாரை ஆட்டி, அதுவே படத்தைக் கெடுக்கும். லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணையே போடுங்கள், ஏபிஎஸ்-சிக்குப் பெருக்க வேண்டாம்.

ஆட்டம் இல்லாமல் மங்கலாக மட்டும் இருந்தால், தெளிந்த ஓரங்களைக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கின் வண்ணக் கோட்டை நம்பியிருப்பீர்கள். எஃப்2-இல் அந்தக் கோடு மூக்கிலும் காட்டும், கண்ணிலும் காட்டும், காதிலும் காட்டும். திரையைப் பெரிதாக்கும் வசதியைக் கட்டை விரலுக்கு எட்டும் பட்டனில் வைத்துக்கொண்டு கண்ணிமை முடியைப் பாருங்கள்.

உள்ளே மடக்கும் லென்ஸ்

இண்டஸ்டார்-22, பழைய எல்மார் 50 மி.மீ. போன்றவற்றின் குழல் கேமராவுக்குள் மடங்கும். வெளியே வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு, சின்ன லென்ஸ் தேடுகிறவர் கை நேராக அங்கேதான் போகும். மிரர்லெஸ் உடலில் மாட்டியபடி மடக்கினால் ஷட்டரிலோ சென்சார் அருகிலோ இடிக்க வாய்ப்பு உண்டு. குழலைச் சுற்றி வெளியே ஒரு ரப்பர் வளையமோ, வெட்டிய பிளாஸ்டிக் பட்டையோ போட்டுவிட்டால் கை தவறி அழுத்தினாலும் உள்ளே போகாது. என் இண்டஸ்டார்-22-இல் நீல நிற ரப்பர் வளையம் இருக்கிறது, காய்கறிக் கட்டிலிருந்து எடுத்தது. மூன்று வருடமாக அது கழன்றதில்லை.